பட்டமரப்பு

காலை ஆறரை மணிக்கு ஒற்றசேகரமங்கலம் சாயாக் கடையில் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் ஒரு வகை. விடியுமுன்னே ரப்பர் வெட்டிவிட்டு, பால் சிரட்டையில் வடிந்து சேரும் இடைவெளியில் ஒரு கட்டன் குடிக்க வருபவர்கள் இன்னொரு வகை. மாமா இரண்டாம் வகை. சொந்த மாமா இல்லை, அம்மா ஊர்க்காரர் என்ற வழியில் வந்த மாமா. நெற்றியில் விளக்கு கட்டிய தழும்பும் கைவிரலில் ரப்பர்பால் காய்ந்த தோலுமாக வந்து உட்கார்ந்தவர், மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் நாலாய் மடித்த காகிதம்.

"பிள்ளே, நீ பயாலஜி சொல்லிக் குடுத்தவனாக்கும். ஒரு சந்தேகம் கேக்கட்டா?"

காகிதம் அவருடைய மைத்துனருடையது. இரண்டு வருஷம் முன்பு வாயுக்குத்து என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் வலது கிட்னியில் கட்டி தெரிந்தது. கிட்னிப் புற்று பெரும்பாலும் இப்படித்தான் அகப்படுகிறது, வேறு எதையோ தேடும்போது. கிட்னியை எடுத்தார்கள், ஆள் தேறினார். இப்போது நுரையீரலில் நாலைந்து புள்ளிகள். திருவனந்தபுரத்தில் டாக்டர் 'இம்யூனோதெரபி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"அவனுக்கு ஒரு கொசு கடிச்சா தடிச்சுப் போகும். சக்கைப்பழம் ரெண்டு சுளை கூடுதல் தின்னா ஒடம்பெல்லாம் சொறியும். அம்மாதிரி ரோசமுள்ள ஒடம்பு. வயித்துக்குள்ள நாலு சென்டிமீட்டருல ஒண்ணு வளந்தப்பம் அந்த ரோசம் எங்க போச்சு?"

இருபத்தெட்டு வருஷம் உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாணவனும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. இரண்டு கட்டன் சொன்னேன்.

முதலில் காகிதத்தில் இருந்த ஒரு வார்த்தையைத் தீர்க்க வேண்டியிருந்தது. 'கிளியர் செல்' என்று போட்டிருந்ததாம். கிளியர் என்றால் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று எண்ணி மைத்துனர் மனைவி பள்ளியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். அது கட்டியின் சாதிப் பெயர். கிட்னிப் புற்றில் நாலில் மூன்று இந்த வகை. அந்தச் செல்கள் கொழுப்பையும் சர்க்கரைச் சேமிப்பையும் வயிறு நிறைய அடைத்து வைத்திருக்கும். கண்ணாடித் தகட்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஆல்கஹாலிலும் சைலீனிலும் அலசுகிறார்கள் இல்லையா, அதில் அவ்வளவும் கரைந்து போய், உள்ளே வெறுமையாகத் தெரிகிறது. எண்ணெய்க் குப்பியைக் கழுவிக் கவிழ்த்தால் கண்ணாடி மட்டும் தெரிவதுபோல.

அந்தச் செல் ஏன் கொழுப்பைப் பதுக்குகிறது என்று கேட்டால் கதை நெய்யூருக்குப் போகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. 1956-க்கு முன்னால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் திருவிதாங்கூர். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி நெய்யூரிலிருந்து ஆர் என்ற டாக்டர் 1933-இல் லான்செட்டில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நம் ஊர்க் கிழவிகள் புற்று என்றாலே வாயைத் தொட்டுக் காட்டுவார்கள், அந்தக் காலத்து அனுபவம் அப்படி. அதே ஆஸ்பத்திரியில் பல வருஷம் கத்தி பிடித்தவர் ஹோவர்ட் சாமர்வெல். மாமாவின் தாத்தா வயிற்றுப்புண்ணுக்கு அவர் கையால்தான் ஆபரேஷன் செய்துகொண்டார் என்பது குடும்பத்தில் சொல்லும் பெருமை.

சாமர்வெல் எவரெஸ்ட்டில் ஏறியவர். 1922-இல் ஒரு முறை போனார். இறங்கி வந்த பிறகு தெற்கே சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்து, இங்கேயே இருந்துவிட முடிவு செய்தார். 1924-இல் மறுபடி போனார். அந்த ஜூன் மாதம் நார்ட்டன் என்பவரோடு, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், கிட்டத்தட்ட 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது உறைபனி தின்ற தொண்டைத் தோல் உரிந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. சாகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக நெஞ்சை இரு கையாலும் அமுக்கித் துப்பி, அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். பிறகு நெய்யூருக்கே வந்து வேலையைத் தொடர்ந்தார்.

அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் போதாது. போதவில்லை என்பதை உடம்பில் முந்தி அறியும் உறுப்புகளில் கிட்னி ஒன்று. அறிந்ததும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்பி, சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்யச் சொல்லும். மூத்திரம் வடிப்பது மட்டும் அதன் வேலை என்று நாம் நினைத்திருக்கிறோம்.

செல்லுக்குள் இதைக் கவனிக்க ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. எச்.ஐ.எஃப். என்று பெயர். செல் அதை ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், ஆக்சிஜன் இருக்கும் வரை ஓயாமல் அழித்துக்கொண்டும் இருக்கும். ஆக்சிஜனைக் கொண்டு அதன்மேல் ஒரு அடையாளம் குத்தப்படும். வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அந்த அடையாளத்தைக் கண்டு, பிடித்து, அரைக்க அனுப்பும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது, எச்.ஐ.எஃப். பிழைத்துக்கொள்ளும், உத்தரவு போடத் தொடங்கும்: புது ரத்தக்குழாய் வெட்டு, ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரி, கொழுப்பைச் சேர்த்து வை, சிவப்பணுவுக்கு ஆள் அனுப்பு. இந்த ஏற்பாட்டைத் தோண்டி எடுத்ததற்காக 2019-இல் செமென்சா, ராட்கிளிஃப், கெய்லின் மூவருக்கும் நோபல் கிடைத்தது. ராட்கிளிஃப் கிட்னி டாக்டர் என்பதில் ஆச்சரியம் இல்லை.

கிளியர் செல் புற்றில் மிகப் பெரும்பாலும் வி.எச்.எல். மரபணு கெட்டிருக்கும். பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் எச்.ஐ.எஃப். சாவதில்லை. அதாவது, ஒற்றசேகரமங்கலத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாயா குடிக்கும் ஆளின் கிட்னிச் செல், தான் 28,000 அடி உயரத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பதாக நம்புகிறது.

"பிராந்தாக்கும்," என்றார் மாமா.

பிராந்துதான். ஆனால் காரியமுள்ள பிராந்து. அது போடும் உத்தரவுகளில் ஒன்று உடம்பின் காவலர்களைத் தடுப்பது. அதற்கு வருகிறேன்.

வி.எச்.எல். மரபணு மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. அந்தக் கை முழுவதும் உடைந்து தொலைந்து போவதுதான் பெரும்பாலானவர்களுக்கு முதல் அடி. அது எந்த வயதில் நடக்கிறது என்று 2018-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பலருக்குச் சின்ன வயதில் அல்லது பதின்பருவத்தில், சில நூறு செல்களுக்குள். கட்டி தெரிவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால். இதைச் சொன்னதும் மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மைத்துனரும் அவரும் ஒரே வகுப்பு. "அப்பம் அவன் எங்கூட ஆத்துல குதிச்சிட்டுக் கிடந்த காலத்துலயா?" அப்படி எல்லோருக்கும் சொல்ல முடியாது, ஒரு கை போனால் மட்டும் புற்று வராது, இன்னொரு பிரதியும் கெட வேண்டும், இன்னும் சிலதும் சேர்ந்து கெட வேண்டும் என்றேன். தலையாட்டினார். கேட்டது பதிந்ததா தெரியவில்லை.

சரி, காவல் படை. அது எங்கே போனது?

கட்டி ஒளிந்துகொண்டது என்றுதான் நானும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலா இருக்கிறதே, அதன் பொந்தில் மார்த்தாண்ட வர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமார் ஆட்களுக்குத் தப்பி ஒளிந்தார் என்று சொல்வார்கள். தேடி வந்தவர்கள் மரத்தைச் சுற்றிப் போனார்கள், உள்ளே ஆள் இருப்பது தெரியவில்லை. சில புற்றுகள் அந்த வழியைப் பிடிக்கும். ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன புரதம் செய்கிறது என்று துண்டு துண்டாக வெளியே காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது உடம்பின் சட்டம். ரேஷன் கார்டு மாதிரி. டி செல்கள் வந்து அந்தக் கார்டைப் பார்த்து, தெரியாத பெயர் இருந்தால் கொல்லும். கார்டையே கழற்றி எறிந்துவிட்டால் டி செல் கண்டுகொள்ளாது. ஆனால் கார்டு இல்லாதவனைத் தேடிக் கொல்லவே என்.கே. செல்கள் என்று இன்னொரு படை சுற்றுகிறது. பொந்துக்குள்ளும் முழுக்க நிம்மதி கிடையாது.

கிட்னிப் புற்றில் பார்த்தால், இந்த ஒளிதல் கதை சரியாகப் பொருந்தவில்லை. அறுத்தெடுத்த கட்டியைச் சாயமேற்றிப் பார்த்தவர்கள் கண்டது, உள்ளே டி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதை. திண்மக் கட்டிகளிலேயே காவலர் கூட்டம் மிக அதிகமாக நுழைந்திருக்கும் கட்டிகளில் இது ஒன்று. கண்ணில் படுவதற்குக் காரணமும் இருக்கிறது. தோல் புற்று, நுரையீரல் புற்று அளவுக்கு இதில் மரபணுப் பிழைகள் இல்லை. ஆனால் இருக்கும் பிழைகளில், எழுத்து மாறுவதைவிட எழுத்து விழுந்துபோவது அல்லது கூடிப்போவது அதிகம். ஒரு எழுத்து மாறினால் ஒரு சொல் பிழையாகும். ஒரு எழுத்து விழுந்து மற்றதெல்லாம் நகர்ந்தால் அதற்குப் பின்னால் வரும் வாக்கியம் முழுவதும் உளறல். உளறலை டி செல் சட்டென்று கண்டுகொள்ளும்.

மற்றப் புற்றுகளில், கட்டிக்குள் டி செல் கூட்டம் அதிகமானால் நோயாளி நன்றாக இருப்பார் என்பது பொதுவான அனுபவம். கிட்னியில் தலைகீழ். கூட்டம் அதிகமிருந்தால் பெரும்பாலும் நிலைமை மோசம். இந்த ஒரு தகவலைத்தான் நான் மாமாவுக்குச் சொல்ல விரும்பினேன், மற்றதெல்லாம் இதற்காகத்தான். அவர் மைத்துனர் உடம்பின் ரோசம் எங்கும் போகவில்லை. கட்டிக்குள்ளேயே போய் நிற்கிறது. நின்றுகொண்டு ஒன்றும் செய்யவில்லை.

"ஏன்?"

களியக்காவிளை செக்போஸ்டை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ரேஷன் அரிசி கடத்துகிற வண்டி ஊடுவழியில் போவது ஒரு முறை. நேராக வந்து நின்று, ஏதோ ஒரு சீட்டை நீட்டி, கையசைத்து அனுப்ப வைப்பது இன்னொரு முறை. கிட்னிப் புற்று இரண்டாவது முறைக்காரன். டி செல்லின் மேல் பி.டி.-1 என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பி.டி.-எல்1 என்ற புரதம் அந்தப் பொத்தானில் பொருந்தினால் டி செல் கையை இறக்கிவிடும். 1992-இல் ஜப்பானில் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் பி.டி.-1-ஐக் கண்டது. செல் எப்படித் தானாகச் சாகிறது என்று தேடப் போய்க் கண்டது, பெயரில் இன்னும் அந்தச் சாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வேலை என்ன என்று தெரிய வருஷங்கள் ஆயின. அந்த மரபணுவை எடுத்துவிட்ட எலிகளுக்கு, சொந்த உடம்பையே தாக்கும் நோய் வந்ததை 1999-இல் எழுதினார்கள். அது ஒரு பிரேக் என்று அப்போது புரிந்தது.

பிரேக் நல்லதற்குத்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்து கிருமி ஒழிந்த பிறகும் படை அடித்துக்கொண்டே இருந்தால் வீடு இடிந்துவிடும். அடி வாங்கும் திசு, போதும் நிறுத்து என்று பி.டி.-எல்1-ஐத் தூக்கிக் காட்டும். டி செல் அடிக்கும்போது வெளிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சரக்குத்தான் அதைத் தூக்கவைக்கும் சைகை. கட்டிச் செல்லும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது. டி செல் அடிக்க அடிக்க, கட்டி சீட்டை உயர்த்துகிறது. அதோடு, மலையுச்சிப் பிராந்தில் இருக்கும் எச்.ஐ.எஃப். வேறு, யாரும் அடிக்காதபோதே பி.டி.-எல்1-ஐ எழுதித் தள்ளுகிறது. முன்பு சொன்னேனே காவலர்களைத் தடுக்கும் உத்தரவு, அது இதுதான்.

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீட்டைக் கண்டு கை இறக்குனவன், அந்த வண்டி போனதும் அடுத்த வண்டியை நிறுத்துவான்லா? இவன் ஏன் நிரந்தரமா நிக்கியான்?" என்றார்.

இங்கே செக்போஸ்ட் உதவாது. அவருடைய தொழில்தான் உதவும்.

ரப்பர் மரத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்ட வேண்டும். விலை ஏறும்போது பேராசைக்காரர்கள் தினமும் வெட்டுவார்கள். கொஞ்ச நாள் பால் கூடும். பிறகு ஒரு காலையில் கத்தி இழுத்தால் பட்டை மட்டும் வரும், பால் வராது. மேலே பார்த்தால் மரம் பச்சென்று நிற்கும், இலை உதிராது, பூக்கும் காய்க்கும். பட்டமரப்பு என்பார்கள். ஓய்வு கொடுத்தால் சில மரம் திரும்பும், சில மரம் திரும்பாது. மாமா இதை எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார், எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் போயிற்று என்று. நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டி செல்லுக்கு வருவதும் இதே என்றேன். எதிரியைக் கண்டு பொங்குவதும், கொன்று முடித்து அடங்குவதும்தான் அதற்குப் பழக்கம். எதிரி சாகாமல் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கண்முன் நின்றுகொண்டே இருந்தால், ஓயாத உசுப்பலில் அது மரத்துப் போகிறது. மேலே பி.டி.-1 மட்டுமல்லாமல் லேக்-3, டிம்-3 என்று பொத்தான்கள் முளைத்து நிற்கும். உயிரோடுதான் இருக்கும். கொல்லும் சரக்கு வராது.

இந்த மரப்பை நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் 1998-இல் காட்டியவர்களில் ஒருவர் ரஃபி அகமது, ஹைதராபாத்தில் பிறந்தவர், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் வேலை. 2006-இல் அவர் குழுவே, பி.டி.-எல்1-ஐ மறைத்தால் மரத்த டி செல் கொஞ்சம் விழிக்கிறது என்று காட்டியது. 2019-இல் எமரி ஆட்கள் கிட்னிக் கட்டிகளையே எடுத்துப் பார்த்தார்கள். முழுக்க மரத்த டி செல்களுக்கு நடுவே, மரக்காத விதைச் செல்கள் சில, தனிக் கூடு போன்ற இடங்களில் பதுங்கியிருந்தன. அந்தக் கூடுகள் இருந்தவர்களுக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. இல்லாதவர்களுக்கு வேகமாக. மருந்து கொடுத்தால் கிளம்பி வருவது முக்கியமாக இந்த விதைச் செல்களின் பிள்ளைகள்தான், மரத்துப்போன கிழங்கள் இல்லை.

"புதுப்பட்டை," என்றார் மாமா. வெட்டாமல் விட்ட பட்டை. இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைத்திருக்காது.

கட்டி வேறு வேலைகளும் செய்கிறது. எச்.ஐ.எஃப். உத்தரவில் அவசரமாக வெட்டிய ரத்தக்குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகலாக இருக்கும், அதன் வழியே புதுக் காவலர்கள் ஒழுங்காக உள்ளே வர முடியாது. அந்தக் குழாய் வெட்டச் சொல்லும் வி.இ.ஜி.எஃப். என்ற சரக்கு, எதிரியின் படத்தை டி செல்லுக்குக் காட்டிப் பழக்கும் செல்களை வளரவிடாமல் மழுக்குகிறது. குப்பை தின்ன வந்த விழுங்கு செல்கள் மனம் மாறிக் கட்டிக்குச் சமையல்காரர்களாகி, மரத்த டி செல்களை மேலும் மரக்க வைக்கின்றன. கட்டி சர்க்கரையை எல்லாம் தின்றுவிட்டுக் காவலர்களைப் பட்டினி போடுகிறது என்று ஒரு கதை நெடுநாள் ஓடியது. 2021-இல் எலிக் கட்டிகளில் செல் செல்லாகப் பிரித்து அளந்தபோது, கட்டிச் செல்லைவிட இந்த விழுங்கு செல் வகையறாதான் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொண்டிருந்தது. ஆகவே சாயாவில் சீனி போடாமல் புற்றைப் பட்டினி போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாமா ஏற்கெனவே மைத்துனர் வீட்டுச் சீனி டப்பாவை மறைத்து வைத்துவிட்டாராம்.

கிட்னிப் புற்றில் காவல் படைக்கு ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம் பழசு. கிட்னியை எடுத்த பிறகு, நுரையீரலில் இருந்த புள்ளிகள் மருந்தே இல்லாமல் மறைந்துபோன ஆட்கள் உண்டு. நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் நடந்திருக்கிறது. பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி தலைகாட்டுவதும் உண்டு. அந்தப் பத்து வருஷமும் உள்ளே ஏதோ இழுபறி நடந்திருக்க வேண்டும். சாதாரணக் கீமோ இந்தப் புற்றைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. 1992-இல் அமெரிக்காவில் இன்டர்லூக்கின்-2 என்ற, டி செல்லைத் தூண்டும் மருந்தை அனுமதித்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, சிலருக்கு முழுதாகப் போய்த் திரும்பி வரவே இல்லை. ஆனால் ஐ.சி.யூ.வில் படுக்க வைத்து, ரத்த அழுத்தம் விழ விழக் கொடுக்க வேண்டிய மருந்து. பிரேக் மிதித்திருக்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரைப் போட்டு அழுத்துகிற வேலை.

பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் மருந்து வந்தது பிறகு. ஹோன்ஜோவுக்கும், சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு பிரேக்கைப் பிடித்த ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-இல் நோபல். பி.டி.-1-ஐ மூடும் நிவோலுமாப் 2015-இல் கிட்னிப் புற்றுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. முந்திய மருந்துக்குக் கேளாதவர்கள் 821 பேரை வைத்துப் பார்த்த சோதனை அது. எவரோலிமஸ் என்ற மருந்து கொடுத்தவர்களில் பாதிப்பேர் 19.6 மாதம் தாண்டி இருந்தார்கள், நிவோலுமாப் கொடுத்தவர்களில் பாதிப்பேர் 25 மாதம் தாண்டி. கட்டி நன்றாகச் சுருங்கியது முன்னதில் 100-க்கு 5 பேருக்கு, பின்னதில் 25 பேருக்கு. 2018-இல் இரண்டு பிரேக்கையும் சேர்த்து எடுத்தார்கள். நடுத்தர, மோசமான நிலையில் இருந்த புது நோயாளிகளில் 42 சதவீதம் பேருக்குச் சுருங்கியது, 9 சதவீதம் பேருக்குக் கண்ணுக்குத் தெரியாமலே போனது. இப்போது ஒரு பிரேக் மருந்தோடு ரத்தக்குழாயை அடைக்கும் மாத்திரையைச் சேர்த்தும் கொடுக்கிறார்கள். குழாய் கோணல் நேராவதால் காவலர்களுக்கும் வழி கிடைக்கிறது.

"42-ன்னா, மிச்சம் 58?"

மிச்சம் 58 பேரில் சிலருக்கு வளராமல் நிற்கும், சிலருக்கு வளரும். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான பரிசோதனை கிட்னிப் புற்றுக்கு இன்னும் அமையவில்லை. பி.டி.-எல்1 எவ்வளவு என்று அளந்து பார்த்தால் போதாதா என்றால், 2015 சோதனையில் அது குறைவாக இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. மழுப்பாமல் சொன்னேன். அவர் மழுப்பலை உடனே கண்டுபிடிக்கிற ஆள்.

மலையிலிருந்து இறக்கும் மாத்திரையும் வந்துவிட்டது. பெல்சுட்டிஃபான், எச்.ஐ.எஃப்.-2-ஐயே முடக்குவது. பரம்பரையாக வி.எச்.எல். கெட்டவர்களுக்கு 2021-இலும், மற்ற முற்றிய கிட்னிப் புற்றுக்கு 2023-இலும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதன் முக்கியமான பக்கவிளைவு ரத்தசோகை. எரித்ரோபாய்ட்டினுக்கு உத்தரவு போடும் கணக்குப்பிள்ளையின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டதால் வருவது. பாடப்புத்தகம் எழுதினவன் திட்டமிட்டுச் செய்தமாதிரி இருக்கும்.

மாமாவின் மகள் ஒரு 'எதிர்ப்பு சக்திக் கஷாயம்' வாங்கி அனுப்பியிருக்கிறாள், கொரோனா காலத்திலிருந்து இந்த வியாபாரம் ஓய்ந்தபாடில்லை. கொடுக்கலாமா என்றார். இவ்வளவு நேரம் பேசியதற்குப் பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்: படைக்குத் தெம்பு குறைவு என்பது நோய் இல்லை, தெம்பிருந்தும் பிரேக் விழுந்து கிடக்கிறது. பிரேக்கை எடுக்கும் மருந்து போகும்போது ஈரலுக்கும் அடி விழலாம், அந்த நேரத்தில் என்ன வேர் என்ன இலை என்று தெரியாத கஷாயத்தை உள்ளே விட்டால், ஈரல் கெட்டது எதனால் என்று டாக்டர் முடி பிய்த்துக்கொள்வார். வேண்டாம் என்றேன்.

பிரேக் எடுத்தால் படை சொந்த வீட்டிலும் கை வைக்கும். தைராய்டு அடங்கிப் போகும், குடல் அழன்று வயிற்றுப்போக்கு வரும், நுரையீரல் வீங்கி மூச்சு வாங்கும், தோல் தடிக்கும், மூட்டு பிடிக்கும். சக்கைப்பழத்துக்கே சொறிகிற உடம்பு என்பதால் இன்னும் அதிகம் வரும் என்று கணக்கில்லை, அது வேறு கதை. வந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்குவார்கள். ஆனால் வந்தது என்று சொல்ல வேண்டும். நாலு தடவை வயிற்றால் போவதை ஹோட்டல் பொரோட்டாவின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

பணம் என்ற இடத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் கொஞ்சம் அமைதியானோம். வருஷக்கணக்கில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டிய விலையுள்ள மருந்து. ரப்பர் ஷீட் விலையை வைத்துக் கணக்குப் பார்க்கவே முடியாது. மும்பை டாட்டா மெமோரியலில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள்: வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கும் வராத 20 மில்லிகிராம் நிவோலுமாபை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, தலை கழுத்துப் புற்றுக்காரர்களுக்கு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2022-இல் வந்த முடிவில், ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியிருந்தார்கள். அது வாய்ப்புற்று வகையறாவுக்கு. கிட்னிக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் டாக்டரிடம் கேட்கலாம். திருவனந்தபுரத்தில் 1981-இலிருந்து ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையம் இருக்கிறது, இதைப் பேசத் தெரிந்த டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.

"நீ எழுதித் தா," என்றார் மாமா. "நான் போயி நின்னா எல்லாம் மறந்துபோவும்."

பிளாஸ்டிக் கவரிலிருந்த ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு மருந்தா, இரண்டா? தைராய்டும் ஈரலும் எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பார்கள்? ராத்திரியில் மூச்சு வாங்கினால் எந்த நம்பர்? குறைந்த அளவுக்கு இடம் உண்டா? அரசுத் திட்டத்தில் எவ்வளவு? ஐந்தாவதை எழுதும்போது மாமா எழுந்துவிட்டார். வெயில் ஏறினால் பால் உறைந்து ஒட்டுப்பாலாகப் போகும்.

இரண்டடி போனவர் திரும்பி வந்து காகிதத்தை நீட்டினார்.

"பிள்ளே, ஆஸ்பத்திரிக்கு அவன் மவனாக்கும் கூடப் போறது. அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்கத் தெரியாது. மலையாளத்துல எழுது."

பில்லைத் திருப்பிப் பார்த்தேன், இடமில்லை. கடைக்காரரிடம் கணக்கு நோட்டில் ஒரு தாள் கேட்டேன்.